இரட்டை ரப்பர் பட்டி

செவ்வாய்க்கிழமை என் சோறு களியாகிப் போனது.
மூடியைத் திறந்ததுமே தெரியும்.
மணி பதினொன்றே கால்.
கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள்
ஜெறோமின் ஓட்டோ ஹோர்ன் அடிக்கிறது.
கோட்டை வங்கியில் முப்பத்தெட்டு வயிறுகள்.

அகப்பையைப் போட்டேன்,
அகப்பையோடு பானையே எழும்பி வந்தது.
பயத்தில் துளாவினேன்.
துளாவத் துளாவ
ஒவ்வொரு மணியும் உடைந்து தன் மாவைக் கக்கியது.
கத்தியால் வெட்டலாம் போலிருந்ததை
லஞ்ச் ஷீட்டில் மடித்து
மேலே பருப்பும் கத்தரிக்காயும் போட்டு மறைத்தேன்.
பருப்பு எதைத்தான் மறைக்கும்?

இரண்டரைக்கு வெறும் பெட்டியோடு ஒரு துண்டு வந்தது,
கடன் பிரிவு மிஸ்ஸின் அழகான கையெழுத்து:
"பிலோமினா அக்கா, கறி நல்லம்.
சோற்றை எடுத்து வைத்திருக்கிறோம்,
கடித உறை ஒட்ட."

அன்றிரவு சாக்கை அவிழ்த்து
ஒரு பிடி அரிசியை மேசையில் பரப்பினேன்.
அதே கீரி சம்பா, அதே விலை.
பல்லால் கடித்தேன். 'டக்' என்று உடையவில்லை,
மெல்ல அமுங்கியது.
புது நெல்.
"பழசுதான் அக்கா, கண்ணாணை" என்று
நாலாம் குறுக்குத் தெருவில் ஆணையிட்டவனின்
கண்ணுக்கு ஒன்றும் வரவேண்டாம்,
நாக்கில் ஒரு சின்னப் புண் வரட்டும்.

புது அரிசிக்குள் தண்ணீர் ஏற்கனவே இருக்கிறது.
நான்தான் தெரியாமல்
பழசுக்கு ஊற்றுகிற அளவை ஊற்றியிருக்கிறேன்.

புதன், சுண்டுக்குக் கால் சுண்டு குறைத்தேன்.
நடுவில் பச்சை.
வியாழன், குறைத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.
பால் போல வந்த கழுநீர்
ஐந்தாம் தரம் கண்ணாடியாகும்வரை கழுவினேன்,
குழாயடியில் மேல்மாடிக்காரி
"தண்ணி பில்லை நீங்களே கட்டுங்கோ" என்றாள்.
கொதித்ததும் நெருப்பைச் சிறிதாக்கினேன்.
மூடியில் கை வைக்கவில்லை.
அதுதான் கஷ்டம்.
உள்ளே என்ன நடக்கிறது என்று
பார்க்காமல் இருப்பது.
அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம்,
கோயில் மணி அடித்து முடியும்வரை,
கைகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அகப்பைக் காம்பால் ஓரத்திலிருந்து கிளறினேன்.
ஆவி ஒருமுறை பெருமூச்சு விட்டது.
தாம்பாளத்தில் கொட்ட
மணிகள் தனித்தனியே உருண்டன,
பள்ளி விட்ட பிள்ளைகள் போல.
ஒன்றை ஒன்று தொட்டன, ஆனால் பிடிக்கவில்லை.

வெள்ளி வந்த துண்டில் ஒரே சொல்: "உதிரி!"
பக்கத்தில் ஒரு பூவும் கீறியிருந்தது.
அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்,
சோற்றுப் பசையால் அல்ல.

அப்போதுதான் ஜெறோம் தலையைச் சொறிந்தான்.
"அக்கா, செவ்வாய்க்கிழமை இன்னொரு சேதியும் இருந்தது.
மறந்துபோனன்."
காசோலைக் கவுண்டர் ஹெட்டிகொட மஹத்தயா,
வலது கையில் மாவுக்கட்டு.
இடக் கையில் கரண்டி.
உதிரிச் சோறு வாய்க்குப் போக முன்
மடிக்கும் டைக்கும் தரைக்கும் போய்விடுமாம்.
மேசைக்கடியில் குனிந்து பொறுக்குவாராம்,
யாரும் பார்க்காத நேரமாக.
செவ்வாய்க்கிழமை மட்டும்
ஒரு மணி கூடச் சிந்தவில்லையாம்.
அந்தச் சோறு திரும்ப எப்போது வரும்
என்று கேட்டாராம்.

இப்போது சின்னச் சட்டியில்
ஒரு சுண்டு அரிசி தனியே.
கழுவுவதில்லை.
தண்ணீர் தாராளம்.
மூடியை நினைத்த நேரமெல்லாம் திறக்கிறேன்,
பயமில்லாமல் துளாவுகிறேன்.
அந்தப் பார்சலுக்கு மட்டும் இரட்டை ரப்பர் பட்டி,
ஜெறோம் மாறிக் கொடுத்துவிடாமல்.

நேற்று என்ன யோசனையோ,
கை பழக்கத்தில் அதையும் கழுவிவிட்டேன்.
திறந்தால், மல்லிகை மொட்டு மாதிரிச் சிரிக்கிறது.
ஹோர்ன் அடித்துவிட்டது.
அரைக் கோப்பை கொதிநீரை ஊற்றி
அகப்பையின் முதுகால் மசித்தேன்,
மசித்தேன்,
"ஒட்டு, சனியனே, ஒட்டு" என்று
சத்தமாகச் சொல்லிக்கொண்டு.